மாசம் ஒரு உண்மை

"இதே மாதிரி இன்னொண்ணு இருக்குதுங்களா தம்பி? மாசத்துக்கு ஒண்ணு போட்டுட்டா நல்லாயிருக்குமுங்க."

தன் எண்ணெய்க்கு விளம்பரப் பதிவுகள் எழுதித் தருகிற என்னிடம் காங்கேயம் பக்கத்து மரச்செக்கு எண்ணெய்க்காரர் கேட்டது இவ்வளவுதான். "தேடிப் பாக்கறனுங்ண்ணா" என்று பதில் போனது. அவர் கேட்டதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பதிலில் இருக்கும் அந்தத் 'தேடி'தான் இன்னும் உறுத்துகிறது.

அவர் சொன்ன 'இதே மாதிரி', செக்கு மோட்டாரில் ஓடுவதைக் காட்டிய வீடியோ. அவர்கள் லேபிளில் திமிலோடு ஒரு காங்கேயம் காளை நிற்கும். மாடு பூட்டி ஆட்டுகிறோம் என்று எங்கும் எழுதியதில்லை. படத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் தாங்களாகவே அப்படி முடிவு செய்துகொண்டார்கள். ஒரு அம்மா "எத்தனை ஜோடி மாடு வெச்சிருக்கீங்க?" என்று கேட்ட பிறகு வெட்டு, ஒட்டு, பின்னணி இசை எதுவும் இல்லாமல், வாகை மர உரல், உலக்கை, பெல்ட், மோட்டார் எல்லாம் தெரியும்படி ஒரே ஓட்டமாக எடுத்துப் போட்டோம். அதற்கு முன் போட்ட எதையும் விட அதைத்தான் அதிகம் பேர் பிறருக்கு அனுப்பினார்கள். ஒரே ஒருவர் மட்டும், "அப்போ இத்தனை நாள் ஏன் சொல்லலை?" என்று கேட்டிருந்தார். அவருக்கு எழுதிய பதில் நியாயமானதுதான்: மாடு சுற்றினாலும் மோட்டார் சுற்றினாலும், சுற்று மெதுவாக இருந்து எண்ணெய் சூடேறாமல் வருகிறதா என்பதே கணக்கு. ஆனால் அவர் கேட்டது எண்ணெயைப் பற்றி அல்ல.

இந்தத் துறையில் பொய் சொல்லாமலே நம்பவைக்க நிறைய வழி உண்டு. 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று கடலை எண்ணெய் பாட்டிலில் போடுவது அதில் பழையது. தாவர எண்ணெய் எதிலும் சொல்லும்படி கொலஸ்ட்ரால் கிடையாது. ஆனாலும் படிக்கிறவருக்கு மற்ற பாட்டில்களில் இருப்பதாகத் தோன்றும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ம் ஆண்டு விளம்பர விதிமுறைகள் தூய, பாரம்பரிய, அசல் போன்ற சொற்களை எப்போது பயன்படுத்தலாம் என்று வரையறுக்கின்றன. அப்படிப்பட்ட சொல் பிராண்டின் பெயரிலேயே இருந்து, வாங்குகிறவரைக் குழப்பக்கூடும் என்றால், 'இது வெறும் பிராண்டு பெயர், பொருளின் உண்மைத் தன்மையைக் குறிப்பதல்ல' என்று லேபிளில் அச்சிடவும் சொல்கின்றன. காளைக்கு அப்படி ஒரு வரியை யாரும் கேட்பதில்லை.

மாதம் ஒன்று என்றால் எதைப் போடுவது? செக்கில் பஞ்சமே இல்லை. முதலில் விலைக் கணக்கு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் 2.5 கிலோ பருப்பு வேண்டும். லிட்டர் எண்ணெயின் எடை ஏறக்குறைய 910 கிராம், மீதி ஒன்றரை கிலோ சொச்சம் புண்ணாக்கு. பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வைத்தால் 325 ரூபாய். புண்ணாக்கு கிலோ 40-க்குப் போனால் 60 ரூபாய் திரும்பி வரும். ஆக, எண்ணெய்க்கு அடக்கம் 265. கரண்ட், ஆள் கூலி, பாட்டில், கூரியர் எல்லாம் இதற்கு மேல். இப்படி எழுதும்போது லாபத்தையும் ஒரு வரியாகப் போட வேண்டும். அதை விட்டுவிட்டால் மற்ற எண்கள் மேலும் சந்தேகம் விழும், பின்னூட்டத்தில் வருகிற முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும். முதலாளிகள் இங்கேதான் கையைப் பிசைவார்கள்.

அடுத்து, தேங்காய் எண்ணெய் உறைவது. 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். மார்கழி வந்ததும் 'மெழுகு கலந்திருக்கீங்களா' என்று போட்டோவோடு புகார் வரும். உறைந்த பாட்டிலின் படத்தைக் கார்த்திகை முதல் வாரத்திலேயே போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் இளகிவிடும் என்று சொல்லிவிட வேண்டும். புகார் வந்த பிறகு இதையே சொன்னால் சமாளிப்பதாகத்தான் படும். கடலை எண்ணெய் வாணலியில் பொங்குவதும் அப்படியே. சுத்திகரிக்காத எண்ணெயில் பசைப்பொருளும் கொஞ்சம் ஈரமும் தங்கியிருப்பதால் நுரைக்கிறது. காய்ந்த எண்ணெயில் ஒரு துளி புளியைப் போட்டு எடுப்பது பாட்டிமார் வழக்கம். அதை நாம் எழுதக்கூட வேண்டியதில்லை, கேட்டுவிட்டால் போதும், வாட்ஸாப் குழுவில் இருக்கிற வாடிக்கையாளர்களே சொல்லிவிடுவார்கள்.

குழு என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த உண்மைகள் எல்லாம் போய்ச் சேருகிற இடம் அது. வாட்ஸாப்பில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றுக்கு 256 பேர்தான். அதிலும் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போகும். இது தெரியாமல் பட்டியலை நீட்டிக்கொண்டே போய், யாரும் பதில் போடவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் பலர். எண்ணைச் சேமிக்கச் சொல்லும் சின்ன அட்டையைப் பார்சலுக்குள் வைப்பது எந்த விளம்பரத்தையும் விடப் பலன் தரும். குரூப்பில் 1,024 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் எல்லோரும் எழுதலாம் என்று திறந்துவிட்டால் ஒரே வாரத்தில் காலை வணக்கப் படங்கள் குவியும். அட்மின் மட்டும் என்று பூட்டினால் அது அறிவிப்புப் பலகை. வாரத்தில் ஒரு நாள் மட்டும் திறந்து, அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி, அதுவும் அடுப்படியிலிருந்தே பதில் சொல்லக்கூடிய கேள்வி கேட்பது ஓரளவு சரிப்பட்டு வருகிறது. குறை சொல்கிற செய்தியை அழிக்கவே கூடாது. பேட்ச் எண்ணையும் ஆட்டிய தேதியையும் அங்கேயே கேட்டு, அங்கேயே பதில் சொல்ல வேண்டும். 'தனியாகப் பேசுகிறோம்' என்று இழுத்துப் போனால் மற்றவர்கள் கண்ணுக்கு அது வாயை அடைத்த மாதிரிதான்.

இவ்வளவும் உண்மை, உபயோகமானது, அடுத்தடுத்த மாதங்களில் போடப்பட்டது. முதலாளிக்கும் சந்தோஷம். ஆனால் வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரிகிறது: எல்லாமே நமக்குச் சாதகமான உண்மைகள். உறைவது அசல் என்பதற்குச் சான்று, பொங்குவது சுத்திகரிக்காததற்குச் சான்று, விலைக் கணக்கு மலிவாக விற்கிறவர் மேல் சந்தேகத்தை ஏவுகிறது. ஒவ்வொன்றும் குறையை ஒப்புக்கொள்வது போல ஆரம்பித்துப் பெருமையில் போய் முடிகிறது. அதற்காக இவற்றைச் சொல்லாமல் இருக்க முடியுமா? வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியவைதானே? சொல்கிறவனுக்கு லாபம் என்பதால் உண்மை உண்மை இல்லாமல் போய்விடாது. இப்படி நினைத்துக்கொண்டால் அன்றைய வேலை ஓடிவிடும்.

பட்டியலில் ஏறாத ஒன்று இருக்கிறது. தீபாவளிச் சமயத்தில் வருகிற ஆர்டருக்குச் சொந்தச் செக்கு போதாது. பக்கத்துச் செக்கில் ஆட்டியதை வாங்கி, தெளியவைத்து, இங்கே பாட்டிலில் அடைத்து அனுப்புவார்கள். தொழிலில் சகஜம். எண்ணெயும் மட்டமில்லை, பருப்பு வாங்குவதுகூட அதே வியாபாரியிடம்தான். தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் லேபிளின் பின்பக்கத்தில், கண்ணாடி போட்டால் படிக்கிற அளவில், முறைப்படி இருக்கிறது. முன்பக்கத்தில் காளை.

இந்த மாதம் இதைப் போடலாமா என்று கேட்டதற்கு, "அது லேபிள்லயே இருக்குதுங்களே தம்பி" என்றார் முதலாளி. மறைக்கவில்லை என்பது அவர் வாதம். மாட்டைப் பற்றியும் நாம் பொய் சொல்லவில்லை என்று அன்றைக்கு நான் சொன்ன வாதமும் இதேதான், அதனால் எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. அவர் பயத்திலும் நியாயம் உண்டு. அந்தச் செக்குக்காரர் பெயரைச் சொன்னால் அடுத்த வருஷம் பாதிப் பேர் நேராக அங்கேயே போவார்கள். விலையும் அங்கே குறைவு. பெயர் சொல்லாமல் 'பக்கத்துச் செக்கு' என்று மட்டும் எழுதினால், ஏன் பெயரை மறைக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அப்படிக் கேட்க நாமேதான் பழக்கியிருக்கிறோம். இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறேன். முதலாளி இன்னும் எதையும் எடுக்கவில்லை. அதுவரைக்கும் கருப்பட்டி சேர்த்து ஆட்டிய நல்லெண்ணெயில் அடியில் கறுப்பாகக் கசடு ஏன் தங்குகிறது என்பதைப் போடச் சொல்லியிருக்கிறார்.