இரவில் வரும் குரல் பதிவுகள்

கிராம உத்தியோகத்தருக்கு வதிவிடச் சான்றிதழ் எழுதுவதைத் தவிர வேறென்ன வேலை என்று கேட்பவர்கள், கார்த்திகை மார்கழியில் ஒரு கிழமை என் கைபேசியை வைத்திருந்து பார்க்க வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற பிரிவு என்னுடையது. மழை வலுத்தால் தண்ணீருக்கு முன்பாக வாட்ஸ்அப் குரல் பதிவுகள் பெருகிவிடும். உன்னிச்சைக் குளம் உடைத்துவிட்டதாம். வெள்ளம் வாவியிலிருந்து கடலுக்கு வடிய முகத்துவாரத்தை இன்னும் வெட்டவில்லையாம். கூடவே எந்த ஆண்டு, எந்த நாடு என்று தெரியாத வெள்ளப் படம் ஒன்றும் வரும்.

படிக்காத சனங்கள்தான் இதையெல்லாம் நம்புகிறார்கள் என்று கூட்டங்களில் சிலர் சலித்துக்கொள்வார்கள். என் குழுவில் அதிகம் அனுப்புகிறவர்கள் ஓய்வுபெற்ற அரச ஊழியர்களும், கனடாவிலும் சுவிஸிலும் இருந்து ஊரை நினைத்துத் தூக்கம் கெடுகிற உறவுகளும்தான். கடற்கரையில் மீன்வாடி போட்டிருக்கிறவர் எனக்கு அழைப்பெடுத்து, "சேர், இது உண்மையா?" என்று கேட்பார். கடல் எப்படி இருக்கிறது என்று நான்தான் அவரிடம் கேட்க வேண்டும்!

பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2004 டிசம்பர் 26இல் நாவலடிக் கரையில் சுனாமி அலை கொண்டுபோனவர்களின் உறவினர்கள் இன்றும் என் பிரிவில் இருக்கிறார்கள். 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது, பெரிய அலை எதுவும் வரவில்லை. ஆனாலும் கரையோரச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அந்த ஓட்டத்தை மடத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அம்பாறையில் நடந்தது வேறு கதை. 2018 பெப்ரவரி இறுதியில், அங்கே ஒரு முஸ்லிம் உணவகத்தில் கறிக்குள் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று வாடிக்கையாளர்கள் சண்டை பிடித்தார்கள். சிங்களம் சரியாக விளங்காத காசாளர் மிரண்டுபோய் ஆமென்று தலையாட்டிய காணொளி முகநூலில் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை பின்னர் வந்தது. அறிக்கையை யார் பகிர்ந்தார்கள்? அடுத்த மாதம் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் கண்டியில் திகன எரிந்தது, அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. அந்த வன்முறையில் தன் பங்குக்காக முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020இல்தான்.

முடக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2019 உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகும் முடக்கினார்கள். இளைஞர்கள் தடையைத் தாண்ட வீ.பி.என். போட்டுக்கொண்டு போனார்கள், அம்மாமார் மட்டும் செய்தி தெரியாமல் தவித்தார்கள். 2024இல், இணையத்தில் பொய் பரப்புவதைத் தடுக்கவென்று நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. ஜனாதிபதி நியமிக்கிற ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு, இரவு பத்து மணிக்கு வவுணதீவில் பரவுகிற ஒரு பொய்யை எப்படிப் பிடிக்கும்? அரசை விமர்சிக்கிறவனைப் பிடிப்பது அதைவிட லேசு என்றுதான் எனக்குப் படுகிறது.

பொய் வெல்வதில் எங்கள் பங்கு பெரியது. அது அரை நிமிடத்தில், ஊர்ப் பேச்சில், காதுக்குள் வந்துவிடுகிறது. எங்கள் அறிவித்தலோ கடிதத் தலைப்போடு, சில வேளை சிங்களத்தில் மட்டும், மறுநாள் வருகிறது. "தாழ்நிலப் பிரதேச மக்கள் அவதானமாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்" என்று ஒருமுறை வாசித்துக் காட்டினேன். ஒரு வயதான பெத்தா கேட்டார்: "அப்படியென்றால் நான் இருப்பதா, போவதா, மனே?"

இப்போது மழைக்காலத்தில் காலையும் மாலையும் நானே ஒரு குரல் பதிவு போடுகிறேன். குளத்தில் தண்ணீர் எவ்வளவு, எத்தனை வான்கதவு திறந்திருக்கிறது, எந்த வீதியால் போகக்கூடாது, எந்தப் பாடசாலை திறந்திருக்கிறது, அவசரமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. ஒன்றும் நடக்காத நாளிலும் போடுவேன்; வழக்கமாகக் கேட்கிற குரலாக இருந்தால்தான் அவசரத்தில் காது கொடுப்பார்கள். மேலிடத்தில் இதற்கு அனுமதி இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் தருகிறேன் என்றேன். இன்னும் கடிதம் வரவில்லை. கனடா உறவுகள் இப்போது என் பதிவையும் பரப்புகிறார்கள், சில வேளை மூன்று நாள் பழையதை.