ஏன் என்று கேட்காத அரை மணி நேரம்

திருமணமாகி மதுரையிலிருந்து மொரிஷியஸுக்கு வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. எபேனில், பிரான்ஸ் நாட்டு வாடிக்கையாளர்களுக்குக் கணக்கு எழுதித்தரும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கடந்த மூன்று ஆண்டுகளாக என் வழக்கமான வேலையோடு, வேறு பிரிவுகளில் இருக்கும் சக ஊழியர்களுக்குக் கோச்சாகவும், அதாவது கேள்விகள் கேட்டு அவர்கள் தங்கள் வேலைச் சிக்கலுக்குத் தாங்களே வழி காண உதவுபவளாகவும், இருந்து வருகிறேன். ஊரில் இருக்கும் அம்மாவுக்குக் கோச்சிங் என்றால் போட்டித் தேர்வு வகுப்புதான். நான் மாலையில் பாடம் எடுப்பதாகவே அவர் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறார். பாடம் எடுப்பவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். கோச்சுக்கு அது தெரியாமல் இருப்பதே பல நேரங்களில் நல்லது என்பதை அவருக்கு இன்னும் விளக்கி முடியவில்லை.

இந்த முறையின் வேர் டென்னிஸ் களத்தில் இருக்கிறது. 1970களில் கலிஃபோர்னியாவில் டென்னிஸ் கற்றுக்கொடுத்த டிமோத்தி கால்வே, கையை இப்படி வை, தோளை அப்படித் திருப்பு என்று சொல்லச் சொல்ல ஆடுபவரின் உடல் விறைத்துப்போவதைக் கவனித்தார். அதை விட்டுவிட்டு, பந்து தரையில் பட்டதும் ஒரு சொல், மட்டையில் பட்டதும் ஒரு சொல் என வாய்விட்டுச் சொல்லும்படி மட்டும் கேட்டார். கவனம் பந்தின்மேல் நின்றதும் அடி சீரானது. பிறகு 1980களில் பிரிட்டனில் ஜான் விட்மோரும் அவருடைய சகாக்களும் இதை அலுவலகங்களுக்குக் கொண்டுவந்து, இலக்கு, இன்றைய நிலை, இருக்கும் வழிகள், செய்யப்போவது என்று நான்கு படிகளாக வகுத்தார்கள். இலக்கையும் செய்யப்போவதையும் பற்றிப் பேச எல்லோருக்கும் ஆசை. இரண்டாவது படியில், அதாவது இன்று உண்மையில் என்ன நடக்கிறது என்பதில், பொறுமையாக உட்காருபவர்கள் குறைவு. நான் பார்த்தவரையில் வேலை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளம்பெண் சென்ற ஆண்டு என்னிடம் வந்தார். ஒவ்வொரு மாதமும் அவருடைய பேங்க் ரீகன்சிலியேஷன், அதாவது கணக்கேட்டில் உள்ள தொகைகள் வங்கிக் கணக்கோடு பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கும் வேலை, இரண்டு மூன்று நாள் தாமதமாகிக்கொண்டிருந்தது. அவருடைய மேலாளர் எக்செல் பயிற்சிக்கு அனுப்பினார், வேலைப் பட்டியல் போட்டுக் கொடுத்தார், தாமதம் தீரவில்லை. முதல் நாள் உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார்: "அக்கா, இனிமே சீக்கிரமா முடிச்சிடுறேன்க்கா." வாக்குறுதி கேட்டு நான் அங்கே உட்காரவில்லை. போன மாதக் கணக்கில் ஒரே ஒரு தொகையை எடுத்துக்கொண்டு, அது பொருந்தவில்லை என்று தெரிந்த நிமிடத்திலிருந்து பொருந்திய நிமிடம் வரை நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன் என்றார். "அப்புறம்?" பதிலுக்குக் காத்திருந்தேன் என்றார். எத்தனை நாள் என்று கேட்டபோது விரல் விட்டு எண்ணி, "நாலு நாள்" என்றார். "அந்த நாலு நாள்ல என்னம்மா நடந்துச்சு?"

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பேசவில்லை. அந்த மௌனத்தைக் கலைக்காமல் இருப்பது இந்த வேலையில் நான் மிகவும் சிரமப்பட்டுக் கற்றுக்கொண்ட ஒன்று. ஆறுதல் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடிக்கும். கடைசியில் மெல்லச் சொன்னார்: "ஃபோன் பண்ணியிருக்கலாம்க்கா. எனக்கு ஃபிரெஞ்சு பேச வராது. எழுதிடுவேன், பேச வராது. இங்க எல்லாருக்கும் வருது."

இந்தத் தீவில் பிறந்தவர்கள் கிரியோலும் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து பேசியே வளர்கிறார்கள். அவர்கள் நடுவே இதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சம். எக்செல் பயிற்சி அந்தக் கூச்சத்தை எப்படித் தொட்டிருக்கும்?

வழியையும் அவரே கண்டுபிடித்தார். பக்கத்து இருக்கையில் இருக்கும் உள்ளூர்ப் பையனிடம், தொலைபேசியில் தேவைப்படும் ஏழெட்டு வாக்கியங்களைச் சொல்லச் சொல்லித் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார். பிரான்ஸில் குளிர்காலமாக இருக்கும்போது அது நமக்கு மூன்று மணி நேரம் பின்னால் இருப்பதால், நமக்கு நண்பகல் ஆகும்போது அங்கே காலை ஒன்பது. அலுவலகம் திறந்தவுடன் கூப்பிடுவதென்று முடிவு செய்தார். 'போன்ழூர்' என்று தொடங்கும் அந்தத் தாளை இரண்டாவது சந்திப்பில் எனக்குக் காட்டினார். மடித்து மடித்து ஓரங்கள் நைந்திருந்தன.

முதல் சந்திப்பின் அந்த அரை மணி நேரத்தில் நான் 'ஏன்' என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. தமிழில் 'ஏன் லேட்டு?' என்று யாராவது கேட்டால் நாம் சாக்குத் தேட ஆரம்பித்துவிடுகிறோம். வீட்டிலும் பள்ளியிலும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் திட்டுத்தான் வந்திருக்கிறது. கிரியோலில் 'கிஃபேர்' என்று கேட்டாலும் கதி அதுதான். 'என்ன நடந்தது', 'அப்போது என்ன செய்தீர்கள்' என்று கேட்டால் மனிதர்கள் நடந்ததைச் சொல்கிறார்கள்.

என் கணவருடைய தாத்தா கரும்புத் தோட்டத்தில் சர்தாராக இருந்தவர். விடிவதற்கு முன்பே ஆட்களை எண்ணி, வேலையைப் பிரித்துக் கொடுத்து, குறைந்ததற்குக் கணக்குக் கேட்பார் என்று மாமியார் சொல்லக் கேட்டிருக்கிறேன். குளிரூட்டப்பட்ட எங்கள் அலுவலகத்திலும் மேலதிகாரி என்றால் அந்த உருவம்தான் பலர் மனதில் இருக்கிறது. அப்படிப்பட்டவர் திடீரென்று மென்மையாகக் கேள்வி கேட்டால், அதில் என்ன பொறி இருக்கிறதோ என்றுதான் தோன்றும். ஆண்டு மதிப்பீட்டைக் கையில் வைத்திருப்பவர் தன் ஊழியருக்கே கோச்சாக இருக்கக்கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். நல்ல கேள்விகளை அவர் தாராளமாகக் கேட்கட்டும். கோச் என்ற பெயரை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் எனக்கு ஒரு கோச்சை அமர்த்தினார்கள். குழந்தை சிறியவள், வேலை நேரத்தைக் குறைத்துக் கேட்கலாமா என்று யோசிக்கிறேன் என்று அவரிடம் மனம்விட்டுச் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து என் மதிப்பீட்டுப் படிவத்தில் 'பணியில் ஈடுபாடு ஐயத்துக்குரியது' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் படித்த நாளில் எனக்கு வயிறு எரிந்தது, இன்றும் ஆறவில்லை.

சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் முதல் நிலைச் சான்றிதழுக்கு 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேரக் கோச்சிங் அனுபவமும் வேண்டும். அடுத்த நிலைக்கு 125 மணி நேரமும் 500 மணி நேரமும். இரண்டு நாள் பட்டறைக்குப் போய்வந்து பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொள்பவர்களைப் பார்க்கும்போது இந்த எண்கள் நினைவுக்கு வரும். ஆனால் மணிக்கணக்கைவிட அந்த அமைப்பின் ஒழுக்க விதிகளில் ஒன்றையே நான் பெரிதாக மதிக்கிறேன்: பணம் கொடுக்கும் நிறுவனத்துக்கு எந்தத் தகவல் போகும், எது போகாது என்பதை மூன்று தரப்பும் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அதை முதல் சந்திப்புக்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவேன். சந்தித்த தேதிகளும் ஒப்புக்கொண்ட இலக்கும் மட்டுமே அலுவலகத்துக்குப் போகும்.

ஆறு சந்திப்புகள் முடிந்தபின் மனிதவளப் பிரிவிலிருந்து, அந்தப் பெண்ணுக்கு உண்மையில் என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். தேதிகளைக் கொடுத்தேன். மேற்கொண்டு அவரிடமே கேளுங்கள் என்றேன். அடுத்த மாத மதிப்பீட்டில், பிரெஞ்சு வகுப்புக்கு அனுப்ப முடியுமா என்று அவரே மேலாளரிடம் கேட்டிருக்கிறார்.