பார்பரா ஜோர்டனின் ஆஸ்டின்: சாப்பாட்டு மேசையில் வக்கீல் தொழில் தொடங்கியவர்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினுக்குப் போகிறவர்கள், வௌவால்கள் கூட்டமாகத் தங்கும் பாலத்தையும் பார்பிக்யூ கடைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் போனதே கறுப்பின வக்கீலும் அரசியல்வாதியுமான பார்பரா ஜோர்டனுக்காகத்தான். விமான நிலைய முனையத்துக்கே அவர் பெயர், உள்ளே வெண்கலச் சிலையும் உண்டு. ஆனால் என்னை நிற்க வைத்தது டெக்சாஸ் பல்கலைக்கழக வளாகத்தில், 24ஆம் தெருவும் விட்டிஸ் அவென்யூவும் சேரும் இடத்தில், பெரிய ஓக் மரங்களுக்குப் பக்கத்தில் 2009இல் வைத்த சிலை. இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, எவனாவது வாதாட வரட்டும் என்று காத்திருப்பவர் மாதிரி நிற்கிறார்.

அந்தச் சிலை ஏன் அந்த இடத்தில் முக்கியம் என்றால், அவர் படிக்கும் வயதில் இந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு மூடியிருந்தது. ஹீமன் ஸ்வெட் என்ற கறுப்பினத்தவர் இங்கே சட்டம் படிக்க இடம் கேட்டு வழக்குப் போட்டார். அவரை உள்ளே விடாமலிருக்க, 1947இல் மாநில அரசு ஹூஸ்டனில் கறுப்பர்களுக்கென்று தனியாக ஒரு பல்கலைக்கழகத்தையே தொடங்கியது. ஹூஸ்டனில் கறுப்பர்கள் அதிகம் வாழ்ந்த ஃபிஃப்த் வார்டு பகுதியில் வளர்ந்த பார்பரா படித்தது அங்கேதான். அவர் பட்டம் வாங்கிய 1956இல்தான் ஆஸ்டினில் இளநிலை வகுப்புகளுக்குக் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். இதை நினைத்துக்கொண்டு அந்த மரத்தடியில் நின்றபோது எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

அப்புறம் பாஸ்டனுக்குப் போய் 1959இல் சட்டம் முடித்தார். ஊர் திரும்பியதும் பெற்றோர் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் ஆபீஸ். 1962இலும் 1964இலும் மாநிலச் சட்டமன்றக் கீழவைக்கு நின்று இரண்டு தடவையும் தோற்றார். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி (மாவட்டம் மாதிரி) முழுவதும் சேர்ந்து ஓட்டுப் போடும் முறை என்பதால், கறுப்பர்கள் அதிகம் வாழும் பகுதிகளில் எவ்வளவு ஆதரவு இருந்தாலும் அது மொத்தத்தில் கரைந்துபோனது. தொகுதிகளில் மக்கள்தொகை சமமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு எல்லைகளை மாற்றி வரைந்தார்கள், 1966இல் மாநிலத்தின் மேலவையான செனட்டுக்கு ஜெயித்துவிட்டார். அதே ஆள், அதே பேச்சு, கோடு மட்டும்தான் மாறியது. தொகுதி மறுவரையறை என்று செய்தியில் வந்தால் சேனலை மாற்றுகிறவர்கள் இந்தக் கதையைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாநிலச் சட்டமன்றம் கூடும் கேபிடல் கட்டடத்தில் செனட் அரங்கைப் பார்த்தேன். மொத்தம் 31 உறுப்பினர்கள், அவர் வந்தபோது மற்ற 30 பேரும் ஆண்கள், அவர்களில் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை. இன்று அந்தச் சுவரில் அவருடைய ஓவியம் தொங்குகிறது. 1972இல் ஹூஸ்டனின் 18ஆவது தொகுதியிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போனார், தென்மாநிலங்களிலிருந்து அங்கே போன முதல் கறுப்பினப் பெண்.

1974 ஜூலை 25 இரவு, அதிபர் நிக்சன் மீதான பதவி நீக்க விசாரணையில் அவர் பேசிய பேச்சை, போவதற்கு முன் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அரசியலமைப்பு எழுதப்பட்ட 1787இல் அதிலுள்ள 'மக்கள்' என்ற சொல்லில் தான் இல்லை என்று ஆரம்பித்து, இன்று அதன் மீது தன் நம்பிக்கை முழுமையானது என்கிறார். அதற்கப்புறம் சுத்தமான வக்கீல் வேலை. பதவி நீக்கத்துக்கு என்ன குற்றம் வேண்டும், நிக்சன் என்ன செய்தார் என்று ஒவ்வொன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே போகிறார். ஒரு கூச்சல் கிடையாது, ஆனால் அந்தக் கனத்த குரலுக்கு முன் தப்பிக்க வழியும் கிடையாது.

மூன்று முறை உறுப்பினராக இருந்துவிட்டு 1979இல் அரசியலை விட்டு, எந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு மூடியிருந்ததோ அங்கேயே பேராசிரியரானார். நரம்பு நோயால் சக்கர நாற்காலியில் இருந்தபடி அறநெறி வகுப்பு எடுத்தார், அதில் சேரக் கூட்டம் தாங்காமல் குலுக்கல் போட வேண்டியிருந்தது. 1996இல் காலமானார். டெக்சாஸ் மாநிலக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்ட முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

போகிறவர்களுக்கு: கேபிடலுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கல்லறை அங்கிருந்து கிழக்கே, நெடுஞ்சாலையைத் தாண்டி. வெயில் காலத்தில் நடக்காதீர்கள், வண்டி பிடித்துவிடுங்கள். பல்கலைக்கழகச் சிலையைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள், அடியில் எழுதியிருப்பதை நிதானமாகப் படிக்கலாம்.