வியாசர்பாடியிலிருந்து ஜெர்மனி: பயணத்துக்கு முந்தைய குறிப்புகள்

பிப்ரவரி 10, 2025
பன்னிரண்டு பேர், நான்கு வார வெல்டிங் பயிற்சி, ஜூன் முதல் வாரம் கிளம்பணும். பயிற்சி தரும் ஜெர்மனிக்காரர்கள் பாடத்திட்டத்தைக் கேட்கிறார்கள். இங்கே முதல் வேலை இனிஷியல். மார்க் ஷீட்டில் ஒரே எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பாஸ்புக்கில் அதுவும் இல்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியல் செல்லாது. அப்பா பெயரை விரித்துக் குடும்பப்பெயர் கட்டத்தில் போடுகிறோம். காலியாக விட்டால் டிக்கெட் போடும்போது தகராறு. அதே எழுத்துக்கூட்டல்தான் அழைப்புக் கடிதம், இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும்.

பிப்ரவரி 19
கால்வாய் ஓரத்திலிருந்து பெரும்பாக்கம் போன மூன்று பேருக்கு ஆதாரில் இன்னும் பழைய வீடு. போலீஸ் அங்கே விசாரிக்கப் போனால் ‘ஆள் இல்லை’ என்று அறிக்கை போய்விடும். முதலில் ஆதார் திருத்தம், அப்புறம்தான் விண்ணப்பம். கட்டணம் 1,500 ரூபாய். தட்கலுக்கு மேலும் 2,000. தட்கல் அவசரத்துக்குத்தான், பெயர்க் குழப்பத்துக்கு மருந்து இல்லை. அமைந்தகரை சேவை மையத்துக்கு முதலில் நாலு பேர் மட்டும். அவர்களுக்கு எங்கே இடிக்கிறது என்று பார்த்து மற்றவர்களின் பேப்பரைச் சரிசெய்யலாம்.

மார்ச் 4
‘கேஸ் இருக்கா?’ என்று கூட்டத்தில் கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். தனித்தனியாகக் கேட்கணும். எஃப்ஐஆர் மட்டும் இருப்பது வேறு, கோர்ட் வழக்கை எடுத்துக்கொண்டது வேறு. இரண்டாவதானால் 1967 பாஸ்போர்ட் சட்டம், பிரிவு 6(2)(எஃப்) குறுக்கே நிற்கும். கோர்ட் அனுமதி உத்தரவு வேண்டும். உத்தரவில் காலம் குறிப்பிடாவிட்டால் ஓராண்டு பாஸ்போர்ட்தான். ஷெங்கன் விசாவுக்கு (ஜெர்மனி உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா), திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்லணும். பயணம் தள்ளிப்போகாதவரை ஓராண்டு போதும். மறைத்தால் அதுவே தனிக் குற்றம்.

மார்ச் 28
ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறார்கள். அவர்களுடைய காலை 11 மணிக் கூட்டம் இனி நமக்கு 3.30 இல்லை, 2.30.

ஏப்ரல் 9
விசா கட்டணம் 90 யூரோ, இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, போட்டோ 35×45 மி.மீ. முடிவு வர வழக்கமாக 15 நாள், இழுத்தால் 45. அதனால் இந்த மாதமே கொடுத்துவிடணும். 18, 21 தேதிகளில் அங்கே ஈஸ்டர் விடுமுறை. அழைப்புக் கடிதங்கள் 17க்குள் கைக்கு வரணும். டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, எது யார் செலவு என்று அதில் தனித்தனியாக இருக்கணும். கணக்கில் திடீரென ஐம்பதாயிரம் போட்டுக் காட்டுவது வேண்டாம். கைமாற்று என்று பார்த்ததும் தெரியும்.

விசாவுக்குப் பத்து விரல் ரேகையும் எடுப்பார்கள். காசிமேட்டில் இறால் உரிக்கும் இரண்டு பேருக்கு ரேகை தேய்ந்திருக்கிறது, ரேஷன் கடை மிஷினிலேயே விழுவதில்லை. ஒரு வாரம் உரிப்பு வேலைக்கு லீவு, இரவில் தேங்காய் எண்ணெய். அந்த வாரக் கூலியைத் திட்டச் செலவில் சேர்க்கணும், சேர்க்காவிட்டால் யாரும் லீவு போட மாட்டார்கள்.

ஏப்ரல் 22
பாதுகாப்பு ஷூ அளவு கேட்டிருக்கிறார்கள். நம் 8 அவர்களுக்கு 42. பாதி பேர் செருப்பைத் தவிர எதுவும் போட்டதில்லை, அண்ணன் ஷூ நம்பரைச் சொல்கிறார்கள். நம்பர் வேண்டாம், சென்டிமீட்டர்தான்: சாயங்காலம், தடி சாக்ஸோடு, இரண்டு பாதமும் பேப்பரில் வரைந்து, பெரியதன் அளவு.