உடன்வரும் ரிவெர்ப்பும் முழுப் பதிப்பும்

எங்கள் ஸ்டூடியோவின் பயிற்சிக் கணினியில் இருப்பது, ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கியபோது உடன் கிடைத்த க்யூபேஸ் என்ற இசைப்பதிவு மென்பொருளின் சிறிய பதிப்பு. அதிலுள்ள ரிவெர்ப், அதாவது அறையின் எதிரொலிப்பைச் செயற்கையாகச் சேர்க்கும் கருவி, ரூம்ஒர்க்ஸ் எஸ்இ. மிக்ஸிங் அறைக் கணினியில் பெரிய பதிப்பும் முழுமையான ரூம்ஒர்க்ஸும் இருக்கின்றன. ஒரே பாடலை இரண்டு கணினிகளிலும் கையாள நேர்வதால், எஸ்இயில் இல்லாத வசதிகளுள் எவற்றை வேறு வழியில் ஈடுகட்டலாம், எவற்றை ஈடுகட்டவே முடியாது என்று பிரித்துப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

ரூம்ஒர்க்ஸின் முழுப் பதிப்பில், உள்ளே வரும் ஒலியை வடிகட்டுவதற்கென்றே தனிப் பகுதி உண்டு. எஸ்இயில் அது இல்லாததை நான் இழப்பாகவே கருதுவதில்லை. ரிவெர்ப் அமர்ந்திருக்கும் எஃப்எக்ஸ் சேனலில் அதற்கு முன்னால் ஓர் ஈக்யூவை (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவியை) செருகி, 600 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிட்டால், மிருதங்கத்தின் தொப்பி ஒலி ரிவெர்ப்பில் போய்த் தேங்குவதில்லை. லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவின் பெயரால் இன்றும் அறியப்படும் பழைய உத்திதான் இது. ரிவெர்ப்பின் அகலத்தையும் பின்னால் ஒரு ஸ்டீரியோ கருவியை வைத்துக் குறைத்துக்கொள்ளலாம்.

தணிவின் கதை வேறு. ரிவெர்ப் நேரம் என்பது ஒலி 60 டெசிபல் தணிய எடுத்துக்கொள்ளும் நேரம். ஆனால் எந்த அறையிலும் எல்லா அதிர்வெண்களும் ஒரே வேகத்தில் தணிவதில்லை. தாழ்ந்த ஒலிகள் எவ்வளவு விரைவாகத் தணிய வேண்டும் என்று எஸ்இயிடம் சொல்லலாம். எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளவற்றைத் தாழ்ந்த ஒலிகளாகக் கொள்ள வேண்டும் என்று சொல்ல முடியாது. முழுப் பதிப்பில் அந்த எல்லையை நாமே வைக்கலாம். கனமான ஆண்குரலையும் தம்புராவையும் ஒரே ரிவெர்ப்புக்கு அனுப்பும்போது எனக்கு வேண்டியிருப்பது இந்த எல்லைதான். பின்னால் எத்தனை ஈக்யூ வைத்தாலும் அது ஒலியின் அளவைக் குறைக்குமே தவிர, தணியும் வேகத்தை மாற்றாது.

முதல் எதிரொலிப்புகளின் இடைவெளியை மாற்றும் ‘சைஸ்’, எதிரொலிப்புகளின் அமைப்பையே புதிதாக்கித் தரும் ‘வேரியேஷன்’ ஆகியவையும் இதேபோல ஈடுகட்ட முடியாத வகையைச் சேர்ந்தவை. கடத்தின் கூர்மையான அடிக்கு ரிவெர்ப்பில் உலோகம் போன்ற ஒரு ரீங்காரம் ஒட்டிக்கொண்டால், வேரியேஷனை ஒருமுறை அழுத்திப் பார்ப்பதைவிட எளிய மருந்து எனக்குத் தெரியாது.

முழுப் பதிப்பிலுள்ள ‘எஃபிஷியன்ஸி’ என்ற அமைப்பு புதியவர்களைக் குழப்பும். அதன் எண்ணைக் குறைத்தால்தான் தரம் உயரும், கணினியின் சுமையும் கூடும். இரண்டு பதிப்புகளை ஒப்பிடுபவர் இதைக் கவனிக்காவிட்டால், முழுப் பதிப்பைப் பற்றித் தவறான முடிவுக்கு வரக்கூடும். அதேபோல, ப்ரீ-டிலேயையும் (ரிவெர்ப் தொடங்கும் முன் விடப்படும் சிறு இடைவெளி) ரிவெர்ப் நேரத்தையும் இரண்டிலும் ஒன்றாக வைக்காமலும், ஒலியளவைச் சமப்படுத்தாமலும் கேட்டால், சற்று உரக்க ஒலிப்பதே நல்லதாகத் தோன்றும்.

இவ்வளவுக்குப் பிறகும், பிறருக்கு அனுப்ப வேண்டிய ப்ராஜெக்டுகளில் நான் எஸ்இயையே வைக்கிறேன், ஏனெனில் பெறுபவரிடம் எந்தப் பதிப்பு இருக்கும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிவதில்லை. முழுப் பதிப்பு தவிர்க்க முடியாததாக இருந்தால், ரிவெர்ப்பை மட்டும் தனி ஆடியோ கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து, அதன் அமைப்புகளை ஒரு சிறு குறிப்பாக எழுதிச் சேர்த்து அனுப்புகிறேன்.