சோலோ வரிசை காலியான கதை

மொபைல் கேம் கம்பெனி ஒன்றில் மேட்ச்மேக்கிங் பக்கம் வேலை பார்க்கிறேன். நீங்கள் 'பிளே' அழுத்தியதும் உங்களை யாரோடு கோர்த்துவிடுவது என்று முடிவு செய்யும் நிரலை எழுதுவது, அது ஒழுங்காக ஓடுகிறதா என்று டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டே இருப்பது, இவ்வளவுதான் வேலை. எங்கள் கேமில் சோலோ, அதாவது ஒத்தைக்கு ஒத்தை மோட் ஒன்று இருந்தது. முதலில் நாள் முழுக்கத் திறந்திருந்தது, அப்புறம் மாலையில் மட்டும், அப்புறம் வார இறுதியில் மட்டும் என்று சுருங்கி, கடைசியில் மெனுவிலிருந்தே போய்விட்டது.

இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தைரியம் போதாது, நாலு பேரைக் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள் என்று பழைய ஆட்டக்காரர்கள் புலம்புவதை எல்லா கேமிலும் கேட்கலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வரிசை எப்படிக் காலியாகிறது என்பதைத் தினமும் பார்க்கிறவனுக்கு அதில் தைரியம் எங்கேயும் தெரியாது, வெறும் கணக்குதான் தெரியும். ஒரு மோடில் ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கலாம். அவர்களை ரேங்க் வாரியாகப் பிரித்து, மும்பை சர்வர், சிங்கப்பூர் சர்வர் என்று பிங் (சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம்) வாரியாகப் பிரித்து, இந்த நிமிடம் காத்திருப்பவர்கள் யார் என்று பார்த்தால் கையில் மிஞ்சுவது இரண்டு மூன்று பேர். காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க ரேங்க் இடைவெளியைத் தளர்த்தினால், நேற்று இன்ஸ்டால் செய்த பையன் பழம் தின்று கொட்டை போட்ட ஆளிடம் போய் மாட்டுவான். அடி வாங்கியவன் மறுநாள் வரமாட்டான். வரிசை இன்னும் சுருங்கும், நாங்கள் இன்னும் தளர்த்துவோம். நாலு பேர் குழுவான ஸ்குவாடில் தோற்றவனுக்குத் திட்டுவதற்குக் கூட மூன்று பேர் இருக்கிறார்கள், மறுநாள் அவனை வா என்று கூப்பிடுவதும் அதே மூன்று பேர்தான். சோலோவில் தோற்றவனை யார் கூப்பிடுவது?

வரிசையே இல்லாத, திறந்த உலக கேம்களில் கதை வேறு. ஈவ் ஆன்லைன் என்ற விண்கப்பல் கேமை எடுத்துக்கொள்ளுங்கள், ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் இருக்கும் சிசிபி கம்பெனி 2003-இல் வெளியிட்டது. கப்பல் வெடித்தால் போனது போனதுதான், அதனால் ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு விலை உண்டு. அங்கே சோலோ செத்துவிட்டது என்ற ஒப்பாரியும் ரொம்பப் பழசு. லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் முதல் உலகப்போர் காலத்தில் போட்ட கணக்கு ஒன்று உண்டு, தூரத்திலிருந்து சுட்டுக்கொள்ளும் சண்டையில் பலம் ஆள் எண்ணிக்கையின் வர்க்கமாகக் கூடும் என்று. ஐந்து பேர் சேர்ந்து ஒருவரைச் சுட்டால் ஐந்து மடங்கு அடி விழும், அந்த ஒருவர் திருப்பிக் கொடுக்கும் அடியோ ஐந்து பேரின் உயிர்மேல் கரைய வேண்டும். இரண்டும் சேர்ந்து 25 மடங்கு. சம திறமை என்று வைத்துக்கொண்டால், அந்த ஒருவர் சாவதற்குள் ஐவரின் மொத்த பலத்தில் 2 சதவீதம்தான் குறைந்திருக்கும். அதுவும் ஈவில் பழுது பார்க்கும் கப்பல் ஒன்று கூட வந்துவிட்டால் அந்த 2 சதவீதமும் கிடையாது.

இந்தக் கணக்கு 2003-லும் இதேதான், மாறியது ஆள் சேர்க்கும் செலவு. முன்பு நண்பனை எழுப்பி, லாகின் செய்யவைத்து, எங்கே இருக்கிறோம் என்று தட்டச்சு செய்து சொல்வதற்குள் சண்டையே முடிந்திருக்கும். இப்போது டிஸ்கார்ட் என்ற குரல் அரட்டை செயலியில் ஏற்கெனவே பத்துப் பேர் வெட்டிக் கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஒரு குரல் போதும். எதிரில் வருபவர் வழக்கமாக எந்தக் கப்பலில், எத்தனை பேரோடு சுற்றுகிறார் என்பதை, அழிந்த கப்பல்களைப் பட்டியல் போடும் ஸீகில்போர்ட் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தனியாக நிற்கும் கப்பலைப் பார்த்து ஆசைப்பட்டுப் பிடித்தால், அது சைனோ என்ற வழிகாட்டி விளக்கை ஏற்றி, தொலைவில் இருக்கும் ஒரு கூட்டத்தையே நம் தலைமேல் இறக்கும். கம்பெனிக்கும் பெரிய போர்தான் விளம்பரம். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற இடத்தில் நடந்த போரில் கேமிலேயே பெரிய ரகமான டைட்டன் கப்பல்கள் 75 அழிந்தன, சர்வர் தாங்குவதற்காக விளையாட்டு நேரத்தையே பத்தில் ஒன்றாக மெதுவாக்க வேண்டியிருந்தது. விளையாடாதவர்கள்கூட அந்தச் செய்தியைப் படித்தார்கள். ஃப்ரிகேட் என்ற சின்னக் கப்பல் ஒன்று இன்னொரு ஃப்ரிகேட்டை அருமையாக ஏமாற்றி வீழ்த்தியதை யார் செய்தி போடுவார்கள்?

2019 ஜூலையில் சிசிபிக்காரர்கள் ஒன்று செய்து பார்த்தார்கள். நல்செக் என்ற, காவல் இல்லாத பகுதியில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியலை எடுத்துவிட்டார்கள். வேட்டைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் தனியாகத் தாது வெட்டிக்கொண்டிருந்தவர்கள் லாகின் செய்வதையே குறைத்துக்கொள்ள, செப்டம்பரில் பட்டியல் திரும்ப வந்துவிட்டது. இரை வீட்டை விட்டு வெளியே வராவிட்டால் இருட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மற்ற கம்பெனிகள் சோலோவுக்குக் கூண்டு கட்டின. ஆல்பியன் ஆன்லைன் என்ற கேம் 2020-இல் ஒருவரோடு ஒருவர் மோதும் கரப்டட் டன்ஜன்களைக் கொண்டுவந்தது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் சோலோ ஷஃபிளில் தனியாக வரிசையில் நின்று, மூன்றுக்கு மூன்றாகச் சண்டை போட வேண்டும், பெயரில் மட்டும்தான் சோலோ. எனக்குப் பிடித்தது ஆல்பியன் பிறகு சேர்த்த மிஸ்ட்ஸ் என்ற பகுதி. உள்ளே யார் எதிர்ப்படுவார் என்பது தெரியாது, மோதலாமா ஓடலாமா என்று அந்த நொடியில் முடிவு செய்ய வேண்டும். சோலோவின் ருசியே அந்த முடிவில்தான் இருக்கிறது. சமமான இருவரை அறையில் பூட்டிவிட்டால் அந்த முடிவை மேட்ச்மேக்கரே எடுத்துவிடுகிறது, அதாவது என்னைப் போன்ற ஒருவர் எழுதிய நிரல்.

கடைசியாக உயிரோடு நிற்பவரே ஜெயிக்கும் சோலோ பேட்டில் ராயலில் இன்னொரு தொல்லை டீமிங், அதாவது திருட்டுக் கூட்டணி. இரண்டு நண்பர்கள் போனில் பேசிக்கொண்டே ஒரே நேரத்தில் 'பிளே' அழுத்தி ஒரே மேட்சுக்குள் வந்துவிடுவார்கள். மேட்ச் பதிவாகும் லாகைப் பார்த்தால் தெரியும், இரண்டு துப்பாக்கிகள் பத்தடி இடைவெளியில் நிற்கும், ஒரு குண்டுகூட வெடிக்காது. தடை போட்டாலும் வேறு அக்கவுண்டில் வருவார்கள்.

ஆனால் அதே லாகில் இன்னொரு ரகமும் கண்ணில் படும். ஸ்குவாட் மேட்சில், துணை ஆட்களைத் தானாகச் சேர்க்கும் டிக்கை எடுத்துவிட்டு, நாலு நாலு பேராக வருபவர்களுக்கு நடுவே வேண்டுமென்றே தனியாக இறங்குகிறவர்கள். லான்செஸ்டர் கணக்கு இவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. அதனால்தான் நேருக்கு நேர் நிற்கமாட்டார்கள், ஒரு கட்டடத்துக்குள் இழுத்து ஒவ்வொருவராகப் பிரிப்பார்கள். பெரும்பாலும் சாகிறார்கள், மறுபடி அதே டிக்கை எடுத்துவிட்டு வருகிறார்கள். தனி வரிசை வேண்டாம், சர்வர் செலவும் இல்லை. எங்கள் டிசைனர் அந்த டிக்கை செட்டிங்ஸுக்குள் தள்ளிவிடலாம் என்கிறார், நான் முகப்பிலேயே இருக்கட்டும் என்கிறேன், இந்த வாரம் முழுக்க அதே வாக்குவாதம்தான்.