பொரிவிளங்காய் உருண்டையை மென்மையாக்கப் போய்

பச்சைப்பயறு, புழுங்கலரிசி, கோதுமை, பொட்டுக்கடலை ஆகியவற்றைத் தனித்தனியே வறுத்து அரைத்து, சுக்கும் ஏலமும் வறுத்த தேங்காய்ப்பல்லும் கூட்டி, வெல்லப்பாகு ஊற்றிப் பிடிப்பது பொரிவிளங்காய் உருண்டை. எதைச் சேர்த்தார்கள் என்பது தின்பவருக்கு விளங்காததால் ‘பொருள்விளங்கா உருண்டை’ என்று பெயர் வந்ததாகவும் சொல்வார்கள். என் பாட்டி தகர டப்பாவைக் குலுக்கினால் கூழாங்கல் உருளும் ஓசைதான் கேட்கும்.

பருப்பையும் இனிப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பழக்கம் நம்மிடம் மிகப் பழையது. சங்க நூலான மதுரைக்காஞ்சி காட்டும் இரவுக் கடைத்தெருவில், மெல்லடையும் உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகமும் விற்கும் கூவியர் வருகிறார்கள். பொரிவிளங்காய்க்கு அந்த வயது உண்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் தானியமும் பயறும் சேரும் அதன் கூட்டு இன்றைய சத்துணவுக் கணக்குக்கும் பொருந்துகிறது. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் புரதக்கூறு பயற்றில் நிறைய இருக்கிறது. பயற்றில் குறையும் மெத்தியோனின் என்னும் இன்னொரு புரதக்கூற்றை அரிசி ஈடுசெய்கிறது.

ஐ.நா. 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, கடைகளில் வந்து குவிந்த ‘எனர்ஜி பார்’களைப் பார்த்து, இதையும் காலத்துக்கு ஏற்ப மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். அரிசிக்குப் பதில் கம்பு, வெல்லத்துக்குப் பதில் தேனும் பேரீச்சம்பழ விழுதும், கடிக்க எளிதாக இருக்கட்டும் என்று கொஞ்சம் நெய். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கம்பில் கொழுப்பு மிகுதி என்பதால் அதை அரைத்து வைத்தால் விரைவில் சிக்கு வாடை வந்துவிடும். தேன் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கசந்துபோயின.

பாட்டியின் பாகுக்கு இருந்த வேலை அப்போதுதான் புரிந்தது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அதை உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’ என்று ஒலிக்கும்வரை காய்ச்சுவது, வெல்லத்திலுள்ள ஈரத்தை ஏறக்குறைய முழுவதும் போக்கத்தான். ஈரமில்லாததால் உருண்டை வாரக்கணக்கில் கெடுவதில்லை; அதே காரணத்தால்தான் கல்லாகவும் ஆகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை நீக்க வழியில்லை.

இப்போது அரிசியில் பாதிக்குத் தினை சேர்க்கிறேன், கம்பை விட்டுவிட்டேன். வெல்லம் மாவின் எடையில் பாதிதான். வெல்லமும் சர்க்கரைதான் என்பதால், ‘நாட்டு வெல்லம், ஆகவே எவ்வளவும் தின்னலாம்’ என்னும் விளம்பரப் பேச்சில் எனக்கு நம்பிக்கையில்லை. பாகு குறைந்தால் மாவு உதிரும். ஆகவே சூடு ஆறுவதற்குள், கை பொறுக்கும் அளவுக்கு அரிசிமாவைத் தொட்டுக்கொண்டு இறுக்கிப் பிடிக்க வேண்டும். எலுமிச்சை அளவு உருண்டையை நெல்லிக்காய் அளவாக்கிவிட்டேன். கடினத்தில் மட்டும் கை வைக்கவில்லை.

மென்மையான பாரை இரண்டு நிமிடத்தில் விழுங்கிவிட்டு அடுத்த உறையைப் பிரிக்கும் என் மகன், இதைத் தின்ன அரைமணி நேரம் எடுத்துக்கொள்கிறான். “கடிக்காதே, கன்னத்தில் அடக்கிக்கொள்” என்று என் அம்மா அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் வாயிலும் ஒன்று அடங்கியிருந்ததால் சொன்னது பாதிதான் விளங்கியது.